1979 பத்மினியின் பின்னிருக்கையில் ஒன்றரை வயது மகள்: சீட் பெல்ட் பொருத்துவது பற்றி ஆலோசனை வேண்டும்

பத்மினி_தக்கலை

அனைவருக்கும் வணக்கம். பாட்டா வாங்கி, அப்பா ஓட்டி, இப்போது என் பெயருக்கு மாறியிருக்கும் 1979ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினியைப் பற்றி இங்கே முன்பும் எழுதியிருக்கிறேன். எஞ்சின் வேலையும் பெயின்ட் வேலையும் முடிந்து ஆறு மாதமாக வண்டி குறையில்லாமல் ஓடுகிறது. இப்போதைய கேள்வி எஞ்சினைப் பற்றியதன்று.

சித்திரையில் என் மைத்துனரின் திருமணம் சுசீந்திரத்தில் நடக்கவிருக்கிறது. மணமக்களை பத்மினியில் அழைத்து வர வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. நானும் மனைவியும் ஒன்றரை வயது மகளும் தக்கலையிலிருந்து அதே வண்டியில் வந்து இறங்க வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. வண்டியில் முன்னாலும் பின்னாலும் நீள இருக்கைதான். சீட் பெல்ட் எங்கும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. வீட்டிலுள்ள ஸ்விஃப்ட் காரில், காரின் உடலோடு சேர்ந்தே வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் குழந்தை இருக்கை வைத்திருக்கிறோம். அந்த இருக்கை இல்லாத வண்டியில் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதே நியாயம் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் மகள் இந்த வண்டியில் வளர வேண்டும் என்ற எண்ணத்தை விட முடியவில்லை.

பத்மினியின் பின்னிருக்கையில் முறையான பெல்ட் பொருத்த முடியுமா, அந்த ஐசோஃபிக்ஸ் இருக்கையை இதிலும் பயன்படுத்த வழி உண்டா, சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சுசீந்திரம்_பழையவர்

தம்பி, திருமணத்திற்கு முன்கூட்டியே வாழ்த்துகள். நான் முப்பது ஆண்டுகள் அம்பாசடர் ஓட்டியவன். என் பிள்ளைகள் மூவரும் அக்காள் பிள்ளைகள் இருவரும் பின்னிருக்கையில் நின்றுகொண்டும், முன்னிருக்கையின் முதுகில் தொங்கிக்கொண்டும் கன்னியாகுமரிக்கும் பேச்சிப்பாறைக்கும் வந்தவர்கள்தான். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. பத்மினியை நாற்பதுக்கு மேல் யாரும் ஓட்டப் போவதில்லை. தக்கலையிலிருந்து சுசீந்திரம் அப்படி என்ன தொலைவு? பிள்ளையை அதன் அம்மா மடியில் வைத்துக்கொண்டால் போதும். பாட்டா காலத்து வண்டியில் துளை போட்டுக் கெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

செவிலி_நாகர்கோவில்

ஐயா, உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பயணங்களில் வண்டி எதிலும் மோதவில்லை என்பதே அதற்குக் காரணம். மடி காப்பாற்றியது என்பதற்கு அதில் சான்று எதுவுமில்லை. நான் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறேன். ‘மடியில்தான் வைத்திருந்தோம்’ என்ற சொல்லை அங்கே எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தையே எடுத்துக்கொள்வோம். அது நொடிக்குப் பதினோரு மீட்டர். அந்த வேகத்தில் போய் முட்டுவது ஆறு மீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து தரைக்கு. வண்டியின் முன்பகுதி நசுங்கி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொண்டால், பதினோரு கிலோ எடையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கும் மேலான இழுப்போடு முன்னே பாயும். இரண்டு சிமென்ட் மூட்டைகளை எந்தத் தாயாலும் கையில் பிடித்து நிறுத்த முடியாது. அவரும் பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய உடலே பிள்ளையை முன்னிருக்கையின் மேல் நசுக்கும். அணைத்தபடி ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது அதைவிட மோசமானது.

ஒன்றரை வயதுப் பிள்ளையின் தலை உடலின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும். கழுத்து எலும்புகளில் இன்னும் குருத்தெலும்பு நிறைய இருக்கும். முன்னோக்கி உட்காரும் பிள்ளையின் உடலை வார் பிடித்து நிறுத்திவிட்டாலும், அந்தப் பெரிய தலை முன்னால் எறியப்பட்டுக் கழுத்தை இழுக்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்புறம் ஒன்றாகத் தாங்கிக்கொள்கிறது. ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் சாய்ந்து படுத்திருந்த முறையைப் பார்த்து, சுவீடனின் பெர்டில் ஆல்ட்மன் 1964இல் பின்னோக்கிய குழந்தை இருக்கையைச் சோதித்தார். அறுபது ஆண்டு பழைய அறிவுதான், பத்மினியைவிட வயதானது.

பட்டறை_வடசேரி

அண்ணாச்சிமாருக்கும் அக்காவுக்கும் வணக்கம். டிங்கரிங் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பத்மினியிலும் அம்பாசடரிலும் பெல்ட் பொருத்தித் தந்திருக்கிறேன்; பொருத்த மறுத்து வண்டியைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. மறுத்ததற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முக்கியமான செய்தி அதில்தான் இருக்கிறது.

பெல்ட் என்பது வெறும் நாடா. அது எந்தத் தகட்டில் மாட்டப்பட்டிருக்கிறதோ அந்தத் தகட்டின் வலிமைதான் பெல்ட்டின் வலிமை. புதிய கார்களில் மூன்று முனைப் பெல்ட்டின் பிடிப்பிடங்களைச் சோதிக்கும்போது தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் 13.5 கிலோநியூட்டன் வீதம் இழுக்கிறார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 14ஆம் ஒழுங்குமுறையில் உள்ள அளவு அது. ஒவ்வொரு பட்டையிலும் ஏறத்தாழ 1,350 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பு என்று கொள்ளுங்கள். பத்மினிக்குத் தனியாக சேஸி என்ற அடிச்சட்டம் கிடையாது, வண்டியின் உடலே அந்த வேலையைச் செய்கிறது. தரைத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் ஒரு துளை போட்டு, கடையில் கிடைக்கும் சாதாரண வாஷரை வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டால், மோதலின்போது வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அப்போது குழந்தையும் இருக்கையும் பெல்ட்டும் ஒன்றாகவே பறக்கும்.

ஆகவே தகட்டின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில், குறைந்தது மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு வைக்க வேண்டும். அதன் மூலைகளை உருட்டிவிட வேண்டும். கூர்மையான மூலை கத்தி போல வேலை செய்யும். சீட் பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல யு.என்.எஃப். மரையுள்ள உயர் இழுவலிமை போல்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஹார்டுவேர் கடையில் எடுக்கும் சாதாரண போல்ட் வேண்டாம், அறுந்து போகும்.

பத்மினியின் பின்னிருக்கையைத் தூக்கிப் பாருங்கள். மெத்தை எதிலும் போல்ட் செய்யப்பட்டிருக்காது. கொக்கியில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். எனவே பெல்ட்டை இருக்கைச் சட்டத்தில் கட்டக்கூடாது, உடலில்தான் கட்ட வேண்டும். இடுப்புப் பட்டையின் இரண்டு முனைகளும் மெத்தையும் முதுகும் சேரும் இடத்துக்குப் பின்னால் தரையில் வரும். தோள் பட்டையின் முனை பின்தூணில் வரும். அந்தத் தூணின் தகடும் மெல்லியதுதான். உள்ளே தகடு நுழைத்து வெல்டிங் செய்யாமல் அங்கே போல்ட் போடுவதில் பொருளில்லை. பெட்ரோல் டேங்க் டிக்கிப் பக்கத்தில் இருப்பதால், வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

நான் மறுத்த வண்டிகளில் போல்ட்டுக்கு இடம் இருந்தது. இரும்புதான் இல்லை. இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: இருக்கையை எடுத்து, தரையில் விரித்த ஃப்ளோர் மேட்டை உரித்து, தரையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

முட்டம்_அம்பாசடர்

வடசேரி அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற ஊர்களில் ஆண்டு முழுவதும் உப்புக்காற்று. எனது 1986 அம்பாசடரை வாங்கும்போது அடிப்பகுதி முழுவதும் கருப்பு கோட்டிங் அடித்துப் பளபளவென்று இருந்தது. விற்றவர் ‘துருவே இல்லை’ என்றார். ஒரு பட்டறையில் தூக்கி வைத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். கதவுக்குக் கீழுள்ள ஓரச் சட்டத்தில் ஓர் இடத்தில் ‘டங்’ என்ற ஒலி ‘டப்’ என்று மாறியது. கத்தி முனையால் கீறினால் கோட்டிங்குக்கு அடியில் ஃபைபர் துணியும் பட்டியும் மட்டுமே இருந்தன. நான்கு விரல் அகலத்துக்கு இரும்பே இல்லை. அதற்கு முன் அந்த வண்டியை வேலை பார்த்த பட்டறை எது என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத விரும்பவில்லை.

தனிச் சட்டம் இல்லாத வண்டிகளில் அந்த ஓரச் சட்டம்தான் முதுகெலும்பு. அது போனால் கதவு இறங்கும், மோதலில் உடல் நடுவில் மடியும். பெல்ட் போட்ட பிள்ளை உட்கார்ந்திருக்கும் கூடே மடிந்தால் பெல்ட்டால் என்ன பயன்? காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

பத்மினி_தக்கலை

நேற்று மாலை பின்னிருக்கையைக் கழற்றினேன். மெத்தைக்குள் சுருள் கம்பியும் தேங்காய் நாரும் இருக்கின்றன. வலப்பக்கத் தரையில் மேல் துரு மட்டும். தேய்த்ததும் இரும்பு வெளியே வந்தது. இடப்பக்கத்தில், பின்கதவின் அடியில், ஃப்ளோர் மேட்டுக்குக் கீழே நார் ஈரமாக மக்கியிருந்தது. முட்டம் அண்ணன் சொன்னபடி தட்டினேன். மூன்றாவது தட்டில் ஸ்க்ரூடிரைவர் தரைக்குள் போய்விட்டது. துளையின் வழியாகக் கொல்லையின் சிமென்ட் தரை தெரிந்தது.

ஆறு மாதமாக அந்தப் பக்கத்தில்தான் மனைவி உட்கார்ந்து வந்தாள். ஒருமுறை மகளை மடியில் வைத்துக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனை வரை போய்வந்தோம். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

பட்டறை_வடசேரி

மனம் தளர வேண்டாம் தம்பி. நாற்பது வயது தாண்டிய பத்மினியில் இது வழக்கம்தான். கதவின் ரப்பர் பீடிங் காய்ந்து மழைநீர் உள்ளே இறங்கி, நாரில் தங்கி, மேலிருந்து கீழாகத் தின்றிருக்கிறது. அதனால்தான் அடியிலிருந்து பார்த்தபோது தெரியவில்லை. அழுகிய தகட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பழைய துளையின் மேல் ஒட்டுப் போட்டு மூடுகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள். பீடிங்கை மாற்றாமல் தரையை மட்டும் மாற்றினால் ஐந்து ஆண்டில் திரும்ப இதே இழையைத் திறப்பீர்கள்.

கருங்கல்_லெஸ்டர்

சொந்த ஊர் கருங்கல். பதினாறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். என்னிடம் 1961ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் இருக்கிறது. இங்குள்ள விதி உங்களுக்கு ஒரு அளவுகோலாக உதவலாம் என்று எழுதுகிறேன்.

பெல்ட் இல்லாமலே தயாரான பழைய காருக்கு இங்கே பெல்ட் பொருத்த வேண்டிய கட்டாயம் இல்லை. பெரியவர்கள் அப்படியே ஓட்டலாம். ஆனால் அத்தகைய காரில் மூன்று வயது நிரம்பாத குழந்தையை ஏற்றவே கூடாது. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகள் பின்னிருக்கையில் மட்டும் உட்காரலாம். பழைய கார்களை இவ்வளவு கொண்டாடும் நாட்டில்கூட, பெல்ட் இல்லையென்றால் கைக்குழந்தையும் இல்லை என்றுதான் கோடு கிழித்திருக்கிறார்கள். என் மகன் பிறந்த பின் மூன்று ஆண்டுகள் மைனரில் நான் தனியாகத்தான் போனேன். பின்னர் பெல்ட் பொருத்தினேன்.

இரண்டு தவறுகள் செய்தேன். நீங்கள் செய்யாமலிருக்கச் சொல்கிறேன். முதலில், தானாகச் சுருண்டு கொள்ளும் ரீல் பெல்ட் வாங்கினேன். அதற்குள் சாய்வை உணரும் குண்டு ஒன்று இருக்கிறது. ரீலைத் தயாரிப்பாளர் சொன்ன கோணத்தில் நிமிர்த்தி வைக்காவிட்டால், ஒன்று எப்போதும் பூட்டிக்கொள்ளும், அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது. சாய்ந்த பின்தூணில் எனக்கு அந்தக் கோணம் கிடைக்கவே இல்லை. கையால் நீளத்தைச் சரிசெய்யும் நிலையான பெல்ட்டுக்கு மாறினேன். பெரியவர்களுக்கு அது தொல்லை. குழந்தை இருக்கையை இறுக்கிப் பிடிக்கவோ அதுதான் நல்லது. இரண்டாவது தவறு நீளத்தில் நேர்ந்தது. பின்னோக்கிய இருக்கையைச் சுற்றிவர நாடா நிறைய வேண்டும். பெல்ட்டை வாங்குவதற்கு முன் இருக்கையை வண்டியில் வைத்து, ஒரு கயிற்றை அதன் வழியில் ஓட்டி அளந்துவிடுங்கள்.

ஐசோஃபிக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கியால் மட்டுமே நிற்கும் இருக்கை பத்மினிக்குப் பயன்படாது. கொக்கியை யாராவது வெல்டிங் செய்து தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள். கொக்கியின் இடமும் வலிமையும் காரோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. பெல்ட்டாலும் கட்டலாம் என்று கையேட்டில் படத்தோடு போட்டிருக்கும் இருக்கையாகப் பாருங்கள்.

குளச்சல்_ஜீப்

என்னிடம் பழைய மகிந்திரா ஜீப் உள்ளது. பின்னால் இரண்டு பக்கமும் எதிரெதிராக நீளப் பலகை இருக்கை. அதில் இடுப்புப் பெல்ட் போட்டுக் குழந்தை இருக்கையைக் கட்ட முடியுமா?

செவிலி_நாகர்கோவில்

முடியாது தம்பி. குழந்தை இருக்கைகள் முன்னோக்கிய அல்லது பின்னோக்கிய நிலைக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டவை. பக்கவாட்டில் வைத்தால் மோதலின் இழுப்பு பிள்ளையின் கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும். பிள்ளை பெரிதாகும் வரை அந்தப் பலகையில் சக்கைப்பழமும் அன்னாசியும் போகட்டும்.

இடுப்புப் பெல்ட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு வெறும் இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டால், மேல் உடல் கத்தரி போல மடங்கி, பட்டை அடிவயிற்றில் ஏறி, குடலும் முதுகெலும்பும் காயப்படும். உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையை இடுப்புப் பெல்ட்டோடு எந்த நிலையிலும் பயன்படுத்தக்கூடாது. தோள் பட்டை இருந்தால்தான் அது பூஸ்டர். சொந்தமாக ஐந்து முனை வார் உள்ள இருக்கைகளில் சிலவற்றை மட்டும் இடுப்புப் பெல்ட்டால் கட்டலாம். அதையும் கையேடு சொல்ல வேண்டும், கடைக்காரர் சொல்வது போதாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று சொல்லி ஒரு கடையில் விற்றது வெறும் பஞ்சு மெத்தையும் நான்கு நாடாவும்தான். இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஐ.நா.வின் 44, 129 ஆகிய எண்களில் ஒன்றைக் குறிக்கும் முத்திரை இருக்கையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சுசீந்திரம்_பழையவர்

எல்லோரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கணக்குகளோடு வாதம் செய்ய நான் வரவில்லை. பெல்ட்டைப் பற்றி என் எண்ணம் முழுவதும் மாறிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் கதவைப் பற்றிச் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

முதல் பதிவில் ஒரு கீறலும் விழவில்லை என்று எழுதினேன். அது உண்மை, ஆனால் விழாமல் போனது எப்படி என்பதை எழுதவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, நான்கு வயதாக இருந்த என் இளைய மகன் பின்கதவின் கைப்பிடியை இழுத்துவிட்டான். அந்தக் காலக் கதவுகளில் பிள்ளைகள் திறக்காதபடி தடுக்கும் பூட்டு கிடையாது. காற்று கதவை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. என் மனைவி அவன் சட்டைக் காலரைப் பிடித்ததால் பிழைத்தான். நாற்பது ஆண்டுகளாக வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை.

பெல்ட் போடுங்கள், போடாமலிருங்கள்; பின்கதவின் உள்கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள், அல்லது பட்டறையில் சொல்லி உட்பக்கம் வேலை செய்யாதபடி செய்துகொள்ளுங்கள். பூட்டின் நாக்கும் தூணில் உள்ள பிடிப்பும் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பழைய பத்மினிக் கதவு மோதும்போது தானாகத் திறந்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

பட்டறை_வடசேரி

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. நாங்கள் நான்கு பேர் பெல்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டு கதவை மறந்துவிட்டோம். உள்கைப்பிடியைத் துண்டிக்கும்போது, வெளியிலிருந்து திறக்க வருகிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும். விபத்தில் உதவிக்கு வருபவர்கள் வெளியிலிருந்துதான் திறப்பார்கள்.

பத்மினி_தக்கலை

ஒரு குழப்பம். முன்னிருக்கையின் பக்கவாட்டில் நடுத்தூண் வலிமையாக இருக்கிறது. அங்கே மூன்று முனைப் பெல்ட் போடுவது எளிது என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது என்பதால், பின்னோக்கிய இருக்கையை முன்னால் வைப்பதில் தவறில்லை என்றும் சொல்கிறார். அது சரியா?

கருங்கல்_லெஸ்டர்

ஏர்பேக் பற்றி அவர் சொன்னது சரி. செயல்படும் ஏர்பேக்கின் முன் பின்னோக்கிய இருக்கை வைப்பது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பத்மினியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் முன்னால் இருப்பது இரும்பு டேஷ்போர்டு. முன்பக்க மோதலில் முதலில் உள்ளே வருவதும் அந்தப் பக்கம்தான். பின்னிருக்கையில் பெல்ட்டுக்கு நல்ல இரும்பு கிடைக்குமானால் பின்னிருக்கையே மேல். பின்னால் இரும்பே இல்லை, முன்னால் நடுத்தூண் உறுதியாக இருக்கிறது என்ற நிலையில், வெறுமனே பின்னால் வைப்பதைவிட முறையாக முன்னால் கட்டுவது மேல் என்பது என் எண்ணம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்.

பட்டறை_வடசேரி

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பத்மினியின் முன்னிருக்கை ஒரே நீளப் பலகை. தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். அதன் பூட்டு தேய்ந்திருந்தால், பிரேக் அடிக்கும்போதே இருக்கை ஒரு பல் தாண்டிவிடும். குழந்தை இருக்கைக்குக் கட்டிய பெல்ட் தளர்ந்துவிடும். பின்தரையைப் புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால், அங்கேயே தகட்டையும் சேர்த்து வைத்துவிடுங்கள். ஒரே வேலை, ஒரே செலவு. சுருள் கம்பி மெத்தையின் மேல் குழந்தை இருக்கை ஆடும். கட்டி முடித்த பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் நாரை எடுத்துவிட்டு அடர்த்தியான ஃபோம் வைக்க வேண்டும்.

பிரேக்கையும் மறக்காதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே குழாய்வழி. ஒரு சக்கர சிலிண்டர் கசிந்தால் நான்கிலும் பிடிப்பு போகும். மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் இடையில் மழைநீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு, டிரம் காயும் வரை பிரேக் பாதிதான் பிடிக்கும். பெல்ட்டுக்கு வரும் தேவையைக் குறைப்பது பிரேக்தானே.

முட்டம்_அம்பாசடர்

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்ற பிரிவு சேர்ந்தது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம். பெல்ட் இல்லாமலே தயாரான வண்டி என்ற விலக்கு அந்த வரியில் எழுதப்படவில்லை. ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று: ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யும் விதி 2021இல் வந்தது. அதற்கு உடல், சேஸி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். தம்பியின் வண்டிக்கு 2029இல்தான் ஐம்பது ஆகும். ஆனாலும் பெல்ட்டுக்காக வைக்கும் தகடுகளைக் கழற்றக்கூடிய முறையில் போல்ட் செய்து, படங்கள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பதிவான வண்டியைக் காட்சிக்கும் பேரணிக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட அதில் போக முடியாது.

செவிலி_நாகர்கோவில்

இரண்டு சிறு குறிப்புகள். பழைய வண்டிகளில் பெட்ரோல் நெடி உள்ளே வருவதைப் பலர் ‘பழைய கார் வாசனை’ என்று ரசிக்கிறார்கள். பிள்ளைக்கு அது வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களைக் கெடுக்கும். டேங்கைக் கழற்றும்போதே அவற்றை மாற்றிவிடுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ரெக்சினும் பெல்ட்டின் உலோகக் கொக்கியும் பிள்ளையின் தொடையைச் சுடும்; உட்கார வைப்பதற்கு முன் உங்கள் மணிக்கட்டால் தொட்டுப் பாருங்கள்.

பத்மினி_தக்கலை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமணம் நன்றாக நடந்தது. மணமக்கள் பத்மினியின் முன்னிருக்கையில் வந்தார்கள். வாழைக்குலையும் தோவாளைப் பூமாலையும் கட்டிய வண்டியை நான் முப்பதில் ஓட்டினேன். மகளும் அவள் அம்மாவும் பாட்டியும் ஸ்விஃப்டில் பின்னால் வந்தார்கள். பாட்டிக்கு முதலில் வருத்தம்தான். தரையில் விழுந்த ஓட்டையை நேரில் காட்டியதும், ‘உன் பாட்டா இருந்திருந்தால் வண்டியையே எடுக்க விட்டிருக்க மாட்டார்’ என்றாள்.

வலப்பக்க வேலை முடிந்துவிட்டது. தரையில் இரண்டு தகடுகள், தூணுக்குள் ஒன்று. கையால் இறுக்கும் மூன்று முனைப் பெல்ட். பெல்ட்டால் கட்டக்கூடிய பின்னோக்கிய இருக்கை ஒன்றை வாங்கிக் கட்டிப் பார்த்தேன். முதலில் இரண்டு விரல் ஆடியது, ஃபோம் மாற்றியதும் நின்றுவிட்டது. பின்கதவுகளின் உள்கைப்பிடிகள் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. சுசீந்திரம் ஐயாவுக்கு நன்றி. இடப்பக்கத் தரையை நாளை வெட்டுகிறார்கள். அந்த வேலையும் பிரேக் வேலையும் முடியும் வரை மகள் பத்மினியில் ஏற மாட்டாள். கொட்டகையில் நிற்கும் வண்டியின் புது இருக்கையில் உட்கார்ந்து ஹார்ன் சத்தம் கேட்பதோடு சரி. நான் அடிக்க வேண்டும், அவள் சிரிக்க வேண்டும்.

கருங்கல் அண்ணன் சொன்னபடி கயிற்றால் அளந்த நீளத்தை அடுத்த பதிவில் படத்தோடு போடுகிறேன்.